நாற்பது எழுத்து

ஜூன் 9

நாளை நிலோஃபர் வருகிறாள். சென்னையிலிருந்து இதற்காக நேரில் வர வேண்டுமா, போனில் சொன்னால் போதாதா என்று மூன்று தடவை கேட்டுவிட்டாள். வர வேண்டும் என்றேன். எங்கள் ஆற்றுநீர்க் குழுவின் வழக்கை நடத்துகிற வக்கீல் அவள். புதுக் கம்ப்யூட்டர் வாங்கி, அதில் புதிதாகப் பூட்டும் சாவியும் செய்திருக்கிறாள். புதுப் பூட்டு என்றால் புது ஆள் மாதிரி. முகம் பார்த்து, அடையாள அட்டை பார்த்து, விரல்ரேகையை ஒப்பிட்ட பிறகுதான் என் கையொப்பம். குழுவின் விதி ஆறு அது. எழுதியவள் நான்.

இதை யாருக்கும் ஒரே தடவையில் புரியவைக்க முடிந்ததில்லை. ஆளுக்கு இரண்டு உண்டு. ஒன்று திறந்து கிடக்கும் பூட்டு, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். இன்னொன்று அந்தப் பூட்டுக்கான சாவி, சொந்தக்காரரை விட்டு நகரக்கூடாது. நிலோஃபரின் பூட்டைப் போட்டு மின்னஞ்சல் அனுப்பினால் அவளால்தான் திறக்க முடியும். அவளுடைய அலுவலக அஞ்சல் பெட்டிக்குள் வேறு யாரோ எட்டிப் பார்க்கிறார்கள் என்று இரண்டு வருஷமாகச் சந்தேகம். பார்க்கட்டும். பூட்டிய கடிதம் அவர்களுக்கு வெறும் குப்பை எழுத்து.

ஆனால் யார் பெயரிலும் யாரும் பூட்டுச் செய்துவிடலாம். இது நிலோஃபருடையதுதான் என்று எப்படித் தெரியும்? அதற்குத்தான் விரல்ரேகை என்று ஒன்று. ஒவ்வொரு பூட்டுக்கும் நாற்பது எழுத்து, நான்கு நான்காகப் பத்துக் கட்டு. அவள் கையால் எழுதித் தரும் நாற்பதும் என் திரையில் தெரியும் நாற்பதும் ஒன்றாக இருந்தால் கையொப்பமிடுவேன். என் கையொப்பம் இருந்தால் குழுவின் மற்ற ஆறு பேரும் கண்ணை மூடிக்கொண்டு அந்தப் பூட்டைப் போடுவார்கள்.

முப்பத்தோரு வருஷம் ஈரோடு தந்தி ஆபீசில் இருந்தேன். எனக்குக் கீழே வேலை கற்றவர்கள் பட்டத்தைக் காட்டி மேலே போனார்கள். ஓய்வு பெற்ற பிறகு அகராதியை மடியில் வைத்துக்கொண்டு இதை நானே படித்தேன். பத்தாவது படித்த அம்மாவுக்கு இதெல்லாம் எதற்கு என்று ஒரு கம்ப்யூட்டர் பேராசிரியர் கேட்டார். அவர் பூட்டில் இன்றுவரை என் கையொப்பம் கிடையாது.

ஜூன் 10

நிலோஃபர் வந்தாள். அட்டையைப் பார்த்தேன். வழக்குப் பட்டியலின் பின்பக்கத்தில் பென்சிலால் விரல்ரேகையை எழுதிக்கொண்டு வந்திருந்தாள். பொடி எழுத்து. வக்கீல்களுக்குத் தாளில் அவ்வளவு சிக்கனம்.

படிக்க ஆரம்பித்தாள். ஒருவர் படிக்க மற்றவர் திருப்பிச் சொல்வதுதான் முறை. தந்தியிலும் எண்கள் வந்தால் அவற்றைக் கடைசியில் இன்னொரு தடவை அடித்து அனுப்புவோம். இரண்டாம் கட்டிலேயே அவளுக்குப் போன் வந்துவிட்டது. பிறகு ரயிலுக்கு நேரமாயிற்று. "தாளக் குடுத்துட்டுப் போ கண்ணு, நாம் பாத்துக்கறேன்" என்றேன்.

பூட்டுகளைப் போட்டுவைக்கும் பொதுக் கிடங்கு ஒன்று இணையத்தில் இருக்கிறது. அதில் கடைசி எட்டு எழுத்தைத் தட்டினேன். அவள் பெயரில் இரண்டு வரி வந்தது, இரண்டிலும் அதே எட்டு. அந்தக் கிடங்கு எப்போதும் இப்படித்தான், ஒன்றை இரண்டாகக் காட்டும். மேலே இருந்ததை எடுத்தேன். ஒப்பிட்டேன். பொருந்தியது. கையொப்பமிட்டு எல்லோருக்கும் அனுப்பிவிட்டேன்.

பல்பு மாற்ற வேண்டும். இப்போது வரும் பல்புகளைச் சுற்றி மஞ்சளாக ஒரு வட்டம் நிற்கிறது. தயாரிப்பு சரியில்லை.

ஜூன் 14

உழவர் சந்தையில் அவர் வந்தார். பெயரை இந்த நோட்டில்கூட எழுத மாட்டேன், பம்ப்காரர் என்று வைத்துக்கொள்கிறேன். நாங்கள் வழக்குப் போட்டிருக்கும் ஆற்றோரத்துச் சாயத் தொழிற்சாலையில் கழிவுநீர் பம்ப் அவர் பொறுப்பு. சுத்திகரிக்காமலே சாயத் தண்ணீரைப் பழைய ஆழ்துளைக் கிணற்றுக்குள் இறக்குகிறார்கள். எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எத்தனை ஆயிரம் லிட்டர் என்று எட்டு மாதமாகக் குறித்துத் தருகிறார். முருங்கைக்காய்க் கட்டுக்குள் தாளைச் செருகிக் கொடுத்தார்.

"அக்கா, வக்கீலம்மா எம் பேரு ஊரெல்லாம் கேட்டாங்கன்னு சொன்னீங்க. எழுதிக் குடுத்துட்டனுங். வெளிய போயிராதுங்களே?"

"எங் கையெழுத்து இருக்கற பூட்டு. வெளிய போச்சுன்னா நான் இந்த வேலையவே விட்டர்றேன்."

"நீங்க விட்டா எனக்கென்னுங்க்கா. எனக்குல்ல வேல போயிரும்" என்று சிரித்தார்.

நீதிமன்றத்தில் மூடிய உறைக்குள் வைத்துப் பாதுகாப்புக் கேட்க அந்தப் பெயர் வேண்டும். வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் தட்டச்சு செய்தேன். பெயர், தகப்பன் பெயர், தொழிற்சாலை கொடுத்த லைன் வீட்டின் எண், மணிக்கணக்கு. பழைய வழக்கப்படி எண்கள் முழுவதையும் கடிதத்தின் அடியில் மறுபடி ஒருமுறை எழுதினேன். அவர் கையெழுத்து வர வரக் கலங்குகிறது. பூதக்கண்ணாடி வைத்துத்தான் படிக்க முடிந்தது.

பூட்டி நிலோஃபருக்கு அனுப்பியாயிற்று.

ஜூன் 16

ரேஷன் அரிசியில் கல். மூன்று தடவை களைந்தும் பல்லில் நெறுநெறுத்தது.

ஜூன் 19

நிலோஃபர் கூப்பிட்டாள்.

"அக்கா, திறக்க மாட்டேங்குது. இதுக்கான சாவி உங்ககிட்ட இல்லன்னு வருது."

"புது மெசின்ல சாவிய ஒழுங்கா வெச்சியா?"

"வெச்சிருக்கேன்க்கா. எனக்கு நானே ஒண்ணு பூட்டி அனுப்பிப் பாத்தேன், திறந்துச்சு. நீங்க அனுப்பினதுதான் திறக்கல."

"ஒரு வாட்டி திறக்கறது இன்னொரு வாட்டி எப்படித் திறக்காம போகும்? நீ என்னமோ மாத்தி அமுக்கறே."

"சண்டை வேண்டாம்க்கா. உங்ககிட்ட இருக்கற விரல்ரேகைய இப்பப் படிங்க, நான் இங்க பாத்துக்கறேன். ரெண்டு நிமிஷம்."

போனில் படிப்பதா? குரலை நம்பிப் படிக்கிற பழக்கம் இந்தக் குழுவில் ஒருவனுக்குத்தான் இருந்தது. லோகநாதன். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். இரண்டு வருஷம் முன்பு வெளியூரில் இருக்கும் அண்ணனுடைய பூட்டுக்குப் போனிலேயே விரல்ரேகை கேட்டுக் கையொப்பம் போட்டான். அண்ணன் குரல் எனக்குத் தெரியாதா என்றான். விதி ஆறுதான் பதில். அன்றே அவனுடைய கையொப்ப உரிமையை எடுத்துவிட்டேன். அவனுக்கு ஒரு நியாயம், வக்கீலுக்கு ஒரு நியாயம் என்று இருக்க முடியாது.

"நேர்ல வா, படிக்கறேன்" என்றேன்.

"இப்பதானேக்கா வந்துட்டுப் போனேன்" என்றாள். எட்டு மணி நேரப் பயணமாம். அதற்கு நான் என்ன செய்வது.

ஜூன் 20

அதே கடிதத்தை மறுபடி பூட்டி அனுப்பினேன். சாயங்காலம் இன்னொரு தடவையும். திறக்கவில்லையாம். கற்றுக்கொள்ள வேண்டியது அவள்.

கோயிலுக்குப் போக ஏழாம் நம்பர் பஸ் ஏறினேன். அது ஒன்றாம் நம்பராம். பாதி வழியில் இறங்கி நடந்தேன். பலகைக்குப் பெயிண்ட் அடிக்கிறவர்களுக்கு எண் எழுதத் தெரிவதில்லை.

ஜூன் 27

லோகநாதன் வந்தான். மே மாதம் அவன்தான் என் கம்ப்யூட்டருக்கு விசைப்பலகை மாற்றிக் கொடுத்தான். அது எப்படி ஓடுகிறது என்று பார்க்க வந்ததாகச் சொன்னான். திரையைப் பார்த்துவிட்டு நின்றான்.

"என்னங்க்கா இது, எழுத்த இத்தாப் பெருசு வெச்சிருக்கறீங்க? வரிக்கு நாலு எழுத்துதான் நிக்குது."

"எனக்கு அப்படித்தான் வசதி."

"நாப்பது எழுத்து ஒரே பக்கமா வராதுங்களே. தள்ளித் தள்ளியா படிப்பீங்க?"

"உன்னாட்ட அவசரக்காரி இல்ல நானு."

"கண்ணக் காட்டிரலாமுங். நாளைக்கே நான் வண்டில கூட்டிட்டுப் போறேன். காலைல போனா மத்தியானம் வந்தர்லாம்."

"கண்ணுக்கு என்ன கேடு? பேப்பர்ல மை மட்டம், பல்பு மட்டம். மொதல்ல உங் கடைக்கு வர்ற போனுகளப் பாரு."

அரை டம்ளர் காப்பியை வைத்துவிட்டுப் போய்விட்டான். வரும்போதெல்லாம் ஏதோ ஒரு குறை கண்டுபிடிக்காமல் போகமாட்டான்.

ஜூலை 1

சந்தையில் பம்ப்காரர் இல்லை.

ஜூலை 4

இன்றும் இல்லை. முருங்கைக்காய் வாங்காமல் வந்தேன்.

ஜூலை 6

பம்ப்காரரின் மனைவி வீடு தேடி வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"மேனேஜரு கூப்புட்டு மேசை மேல காயிதத்தப் போட்டானாமுங். இவிய பேரு, இவியப்பன் பேரு, எங்கூட்டு நம்பரு, அத்தனையும் வரிசையா இருந்துச்சாமா. உம் பம்ப்ப உன்னவிட நல்லா யாரோ எழுதியிருக்காங்களேடான்னு நக்கல் பேசுனானாம். வேலைல இருந்து நிறுத்திப்போட்டாங்க. லைன் வீட்டுல இருந்து சாமானத் தூக்கி வெளிய வெச்சுட்டாங்க. எங்கண்ணன் ஊட்டுல இருக்கறோம்."

"என்ன காயிதம்?"

"நீங்க அனுப்புனதாமா. இவிய பாத்தவுடனே தெரிஞ்சுக்கிட்டாங்க. நம்பரையெல்லாம் அடில ரெண்டாந்தடவ எழுதியிருந்துச்சாம். தந்தியக்காதான் அப்படி எழுதுவாங்கன்னு சொன்னாங்க."

தண்ணீர் கொடுத்தேன். குடிக்காமல் டம்ளரைத் திண்டின் மேல் வைத்துவிட்டுப் போனாள்.

பூட்டிய கடிதம் அது. என் கையொப்பம் உள்ள பூட்டு. வழியில் எவனாலும் திறக்க முடியாது. அப்படியானால் பூட்டுவதற்கு முன்பே, என் கம்ப்யூட்டரிலிருந்துதான் போயிருக்க வேண்டும். என் கம்ப்யூட்டரைத் தொட்ட ஆள் ஒருவன்தான்.

ஜூலை 8

நெசவாளர் சங்கத்து அறையில் கூட்டம். ஏழு பேரும் இருந்தோம். சுற்றி வளைக்காமல் லோகநாதனிடம் கேட்டேன்.

"அந்த விசைப்பலகைல என்ன வெச்சுக் குடுத்தே?"

அவனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் ஒருமாதிரி ஆகிவிட்டது. "பதினோரு வருசமா உங்களோட ஆத்துல எறங்கித் தண்ணி மொண்டிருக்கறேன்க்கா. எங்கால்ல இருக்கற புண்ணு இன்னும் ஆறல."

"போன்ல படிச்சுட்டுக் கையொப்பம் போட்டவனும் நீதான."

"அது எங்கண்ணனுங்க்கா. இன்னிக்கு வரைக்கும் அது எங்கண்ணந்தான்."

சோதனைக்காக ஆற்றில் மொண்ட தண்ணீர்ப் புட்டிகளை வைக்கும் அலமாரிச் சாவி அவனிடம் இருந்தது. அதை மேசையில் வைத்துவிட்டு எழுந்து போனான். மற்ற ஐந்து பேரும் தரையைப் பார்த்தார்கள். ஒருவர்கூட நான் சொன்னது சரி என்று வாய் திறக்கவில்லை. தந்தி ஆபீசிலும் இப்படித்தான். உண்மையைச் சொல்ல நான், தரையைப் பார்க்க மற்றவர்கள்.

ஜூலை 11

யாரும் கூப்பிடவில்லை. மின்னஞ்சலும் இல்லை. களைப்பாக இருக்கிறது.

ஜூலை 15

வாசற்படியில் விழுந்துவிட்டேன். இடது மணிக்கட்டு வீங்கியிருக்கிறது. படி ஒரு அங்குலம் இறங்கியிருக்கும், மண் சரிந்திருக்கிறது. கைக்குக் கட்டுப்போட்ட டாக்டர் பெண் கேட்காமலே என் கண்ணில் டார்ச் அடித்தாள். இரண்டு கண்ணிலும் புரை முற்றியிருக்கிறதாம். இவ்வளவு நாள் எப்படிச் சமாளித்தீர்கள் என்றாள். கையைப் பார்க்கத்தான் வந்தேன் என்றேன்.

நிலோஃபரிடமிருந்து ரிஜிஸ்டர் தபால். ஆகஸ்ட் 12 விசாரணை. பம்ப்காரரின் கணக்கு இல்லாமல் வழக்கு நிற்காது. தாளில் எழுதித் தபாலில் அனுப்பினாலும் போதும் என்று கேட்டிருக்கிறாள். கடிதத்தைப் படிக்க மத்தியானம் முழுக்க ஆயிற்று.

ஜூலை 22

வலது கண்ணுக்கு மட்டும் ஆபரேஷன். துணைக்கு யார் என்று கேட்டார்கள். யாரும் இல்லை என்று எழுதச் சொன்னேன்.

ஜூலை 24

கட்டை அவிழ்த்தார்கள்.

சமையலறைச் சுவர் பச்சை. சாம்பல் நிறம் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன். பல்பைச் சுற்றி வட்டம் எதுவும் இல்லை, பழைய பல்புதான். வாசற்படி இறங்கவில்லை. அரிசியை முறத்தில் கொட்டினேன். ஒவ்வொரு கல்லும் கல்லாகத் தெரிகிறது.

ஜூலை 25

நிலோஃபர் எழுதிக்கொடுத்த தாள் இந்த நோட்டிலேயே கிடந்தது. நான் செய்தது சரி என்பதை ஒரு தடவை பார்த்து வைத்துக்கொள்ளலாம் என்று திரையில் அவள் பூட்டைத் திறந்தேன். எழுத்தைச் சின்னதாக்கினேன். நாற்பதும் ஒரே வரியில் வந்தன.

முதல் கட்டு வேறு. இரண்டாவது வேறு. மூன்றாவது வேறு. எட்டுவரை எல்லாமே வேறு. ஒன்பதும் பத்தும் மட்டும் ஒன்று.

மறுபடி பார்த்தேன். மறுபடியும் பார்த்தேன்.

கிடங்கில் இரண்டு வரி வந்ததே, அவை இரண்டு பூட்டுகள். கீழே இருந்தது நிலோஃபருடையது. மேலே இருந்தது அவள் பெயரில் வேறு யாரோ செய்தது. கடைசி எட்டு எழுத்து ஒத்துவரும்வரை கம்ப்யூட்டரை ஓடவிட்டுப் பொய்ப் பூட்டுச் செய்யலாம். அதனால் நாற்பதையும் படிக்க வேண்டும். ஆறு வருஷம் முன்பு கரும்பலகையில் எழுதி இதை இவர்களுக்குச் சொன்னவள் நான்தான். அவள் அஞ்சல் பெட்டிக்குள் எட்டிப் பார்க்கிறவர்கள் கையில் அந்தப் பொய்ப் பூட்டின் சாவியும் இருந்திருக்கிறது. மூன்று தடவை பூட்டி அனுப்பினேன். மூன்றும் அவர்களுக்கே போயிருக்கின்றன. நிலோஃபரால் எப்படித் திறக்க முடியும்?

அன்று நான் எட்டு எழுத்துதான் ஒப்பிட்டேன். கண் தெரியாததால் என்று எழுதலாம். எழுத மாட்டேன். தெரியவில்லை என்பது எனக்குத் தெரியும்.

ஜூலை 26

காலையில் நிலோஃபரைக் கூப்பிட்டுச் சொன்னேன். "அன்னிக்கு ரெண்டு நிமிஷம் போன்ல படிச்சிருந்தா முதல் கட்டுலயே தெரிஞ்சிருக்கும்க்கா" என்றாள். சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அஞ்சல் பெட்டியின் ரகசியச் சொல்லை மாற்றிவிட்டு, அந்தப் பொய்ப் பூட்டை நீதிமன்றத்திலும் காட்டுவதாகச் சொன்னாள்.

பதினோரு மணி பஸ்ஸில் போனேன். இன்று நம்பர் சரியாகத் தெரிந்தது.

இனி அவர் பெயரை மறைத்து என்ன. வெள்ளியங்கிரி. மைத்துனர் தோப்பில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப லோகநாதந் தம்பி இல்லீங்களா?"

"இல்ல. நானு."

இரண்டு காய் உரித்துப் போட்டார். "உங்க மேல கோவம் இருக்குதுங்க்கா. இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன்."

"இருக்கட்டும்."

"கோர்ட்டுக்கு வர்றனுங். இனி ஒளிக்கறதுக்கு என்ன இருக்குது, நானே நின்னு சொல்லிப்போடறேன். எந் தாளெல்லாம் பத்தரமா இருக்குதுங்களா?"

"இருக்குது."

"அத எங்கையில குடுத்துருங். நானே கொண்டுபோறேன். உங்க மெசின்ல எம் பேர இனிப் போட வேண்டாம்."

சரி என்றேன். அவர் மனைவி உள்ளேயிருந்து வரவேயில்லை.

ஜூலை 28

பொய்ப் பூட்டின் மேல் போட்ட கையொப்பத்தைத் திரும்பப் பெற்றேன். குழுவுக்கு ஒரு பக்கம் எழுதினேன். விதி ஆறு தெளிவாகவே இருக்கிறது: முழுதும் ஒப்பிடாமல் கையொப்பமிட்டவருக்கு இனி அந்த உரிமை இல்லை. லோகநாதனுக்குப் பொருந்தியது எனக்கும் பொருந்தும். இனி யார் பூட்டிலும் என் கையொப்பம் விழாது. லோகநாதன் கையொப்பமிட்டதோ உண்மையிலேயே அவன் அண்ணனுடைய பூட்டு, அவன் உரிமையைத் திருப்பித் தர வேண்டும். அவனிடம் மன்னிப்புக் கேட்கிறேன் என்று கடைசி வரியில் சேர்த்தேன். அந்த வரியை நான்கு தடவை அழித்து எழுதினேன். ஆறு பேருக்கும் நிலோஃபருக்குமாக ஏழு பிரதி எடுத்துத் தபாலிலேயே அனுப்பினேன்.

பிறகு என் சொந்தப் பூட்டையும் ரத்து செய்தேன். பதினான்கு வருஷப் பூட்டு. கம்ப்யூட்டர் காரணம் கேட்டது. பூஜ்யம், காரணம் இல்லை. ஒன்று, சாவி களவு போனது. இரண்டு, வேறு சாவி வந்துவிட்டது. மூன்று, இனிப் பயன்படாது. எதுவும் பொருந்தவில்லை. பூஜ்யத்தை அழுத்தினேன். கீழே விளக்கம் எழுத ஒரு வரி இடம் விட்டிருந்தார்கள். முழுதும் படிக்காமல் கையொப்பமிட்டேன் என்று எழுதினேன்.

நிச்சயம்தானா என்று கேட்டது. ஆம்.

ஜூலை 30

எனக்கு வரும் கடிதங்களுக்காகவாவது ஒரு பூட்டு வேண்டும். புதிதாகச் செய்தேன். அதன் விரல்ரேகையைத் தாளில் எழுதி எடுத்துக்கொண்டு லோகநாதன் கடைக்குப் போனேன்.

ஒரு போனின் முதுகைக் கழற்றிக்கொண்டிருந்தான். தலை நிமிரவில்லை.

"லோகு, உன்னச் சொன்னது தப்பு. பண்ணுனது நானு."

"லெட்டர் வந்துச்சுங்."

"கண்ண அப்பவே காட்டச் சொன்னே."

"சொன்னேன்." திருகாணிகளை ஒவ்வொன்றாக மூடிக்குள் போட்டான். "இப்ப என்ன வேணுமுங்?"

"புதுப் பூட்டு செஞ்சிருக்கறேன். நீ கையொப்பம் போடோணும்."

"ஆதார் கார்டு கொண்டாந்தீங்களா?"

பதினோரு வருஷமாக என்னைத் தெரியும் அவனுக்கு. கொண்டுவந்திருந்தேன். வாங்கி, படத்தைப் பார்த்தான், என் முகத்தைப் பார்த்தான், மறுபடி படத்தைப் பார்த்தான். கையைத் துணியில் துடைத்துக்கொண்டு கம்ப்யூட்டரைத் தன் பக்கம் திருப்பினான்.

"படிங்."

படித்தேன். ஒவ்வொரு கட்டையும் திருப்பிச் சொன்னான். ஐந்தாம் கட்டில் யாரோ சார்ஜர் கேட்டு வந்தார். கையைக் காட்டி நிறுத்திவைத்தான். பத்தும் முடிந்தது. தாளை மடிக்கப் போனேன்.

"இருங். மறுக்கா மொதல்ல இருந்து. இப்ப நாம் படிக்கறேன், நீங்க சொல்லுங்."

உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே நாற்பதையும் சொன்னேன்.